21-ஆம் போர்ட்டை மூடலாமே: வெப் ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வெப் ஹோஸ்டிங் சேவை தருவோருக்கு,

வணக்கம். நான் பெரிய நிரலாளன் இல்லை. எனக்கும் நண்பர்களுக்குமாக நான்கு சின்ன வலைத்தளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் இருப்பது லினக்ஸ் கணினி. பணம் கட்டிய கையோடு நீங்கள் அனுப்பும் வரவேற்பு மின்னஞ்சலைப் பற்றித்தான் இந்த மடல். இதுவரை நான் இடம் வாங்கிய மூன்று நிறுவனங்களும் ஒரே அச்சில் வார்த்ததுபோல்தான் அனுப்பின: எஃப்டிபி சர்வர் பெயர், பயனர்பெயர், கடவுச்சொல், போர்ட் 21. கூடவே விண்டோஸில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் நாலு. எஃப்டிபி என்பது நம் கணினிக்கும் சர்வருக்கும் இடையே கோப்புகளை ஏற்றி இறக்கும் பழைய வழி. போர்ட் என்பது சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட கதவு.

சில மாதங்களுக்கு முன் ஒரு தளத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றினேன். கோப்புகளை ஏற்றி இறக்கும் ஃபைல்ஸில்லா மென்பொருளில் விவரங்களைக் கொடுத்தேன். இணைப்பு கிடைத்தது, கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டது. கோப்புப் பட்டியல் மட்டும் வரவில்லை. இருபது வினாடி சுற்றிவிட்டு நின்றுவிடும். உதவிக் குழுவுக்கு எழுதினால், "லினக்ஸா? விண்டோஸில் முயன்று பாருங்கள்" என்று பதில் வந்தது.

அன்று இரவு நடந்ததை வரிவரியாகக் குறித்து வைக்கும் ஃபைல்ஸில்லாவின் லாகை உட்கார்ந்து படித்தேன். எஃப்டிபிக்கு ஒரு இணைப்பு போதாது. கட்டளைகள் 21-ஆம் போர்ட்டில் போகும். கோப்பும் பட்டியலும் வர வேறொரு இணைப்பு திறக்க வேண்டும். ஆக்டிவ் முறையில் சர்வர் நம் கணினியைத் தேடி வரும், வீட்டு ரவுட்டர் பெரும்பாலும் அதை உள்ளே விடாது. அதனால் எல்லோரும் நம் கணினியே சர்வரைத் தேடிப் போகும் பேசிவ் முறைதான். அதில் சர்வர் 227 என்று தொடங்கும் ஒரு பதிலில் ஆறு எண்களை அனுப்பும். முதல் நான்கும் ஐபி முகவரி. கடைசி இரண்டில் ஒளிந்திருப்பது போர்ட் எண். எனக்கு வந்தவை 195, 80. முதல் எண்ணை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் 50000. ஆக, 50000-க்கு வா என்று சர்வர் கூப்பிடுகிறது. வேண்டாத இணைப்புகளைத் தடுக்க அதே நிறுவனம் வைத்த ஃபயர்வால் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. விண்டோஸில் போயிருந்தாலும் இதே கதிதான். இதைப் புரியவைக்க எனக்கு ஆறு டிக்கெட்டுகள், அதாவது உதவிக் குழுவுக்கு ஆறு புகார்கள், தேவைப்பட்டன. நடுவில் ஒருவர் எல்லா ஃபோல்டருக்கும் 777 அனுமதி, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கவும் மாற்றவும் விடும் அனுமதி, கொடுக்கச் சொன்னார். அதை மட்டும் நான் செய்யவில்லை.

சரி, பட்டியல் வராதது சின்ன விஷயம். அடுத்த நாள், வலையில் போகும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டு என் இணைப்பை நானே பார்த்தேன். கடவுச்சொல் எழுத்துக்கு எழுத்து அப்படியே திரையில் தெரிந்தது. மறையாக்கம் என்று எதுவும் இல்லை. பொது வைஃபையில் உட்கார்ந்து ஒரு படத்தை ஏற்றினால், அதே வலையில் ஒட்டுக்கேட்பவருக்குத் தளத்தின் சாவியும் சேர்ந்து போய்விடும்.

இது எஃப்டிபியை எழுதியவர்களின் குற்றம் இல்லை. அபய் பூஷண் எம்ஐடியில் இருந்தபடி இதன் முதல் வடிவத்தை எழுதியது 1971 ஏப்ரலில். இன்றும் எல்லோரும் காட்டும் ஆர்எஃப்சி 959 என்ற இணைய விதிமுறை ஆவணம் வந்தது 1985-இல். அப்புறம் 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அதைப் பார்த்துத்தான் டாடு இலோனன், வேறொரு கணினிக்குள் மறையாக்கத்துடன் நுழையும் வழியான எஸ்எஸ்எச்சை எழுதினார். அதன் மேல், கோப்புகளை மாற்றுவதற்காக வந்தது எஸ்எஃப்டிபி. பெயரில்தான் உறவு, எஃப்டிபிக்கும் அதற்கும் வேறு சம்பந்தமில்லை. லினக்ஸின் மைய நிரலான கர்னலின் தளமும், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனும் தங்கள் பொது எஃப்டிபி சேவையை 2017-இலேயே நிறுத்திவிட்டன. 2021-இல் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் எஃப்டிபியைக் கழற்றிப் போட்டன. நீங்கள் மட்டும் ஏன் இன்னும் அதையே வரவேற்பு மின்னஞ்சலின் முதல் வரியில் வைத்திருக்கிறீர்கள்?

வேடிக்கை என்னவென்றால், உங்கள் சர்வர்களில் ஓடுவதும் பெரும்பாலும் லினக்ஸ்தான். உங்கள் நிர்வாகிகள் உள்ளே நுழைவது எஸ்எஸ்எச் வழியாகத்தான். அவர்களில் யாரும் 21-ஆம் போர்ட்டில் கடவுச்சொல் அடிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தங்களுக்கு ஆகாத வழியை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

வாடிக்கையாளருக்கு எஸ்எஸ்எச் கொடுத்தால் சர்வர் முழுக்க மேய்ந்துவிடுவார் என்ற பயம் புரிகிறது. ஆனால் கட்டளைகள் அடிக்கும் ஷெல்லே தராமல், ஒருவரை அவருடைய ஃபோல்டருக்குள் மட்டும் அடைத்து, எஸ்எஃப்டிபியில் கோப்பு மாற்ற மட்டும் விடும் வசதி, எஸ்எஸ்எச்சின் இலவச மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சிலேயே இருக்கிறது. அதை மிகக் குறைந்த விலைத் திட்டத்துக்கும் திறந்துவிடுங்கள். ஒரு நிறுவனம் இதை "பிரீமியம்" வசதி என்று தனியாக விற்கிறது. பூட்டுக்குத் தனிக் காசு வாங்கும் வீட்டுக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எஃப்டிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். எஃப்டிபியை டிஎல்எஸ் என்ற மறையாக்க உறைக்குள் போடும் அதற்கும் 2005-இலேயே ஆர்எஃப்சி வந்துவிட்டது. வெறும் எஃப்டிபியைவிட எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு இணைப்புத் தொல்லை அப்படியே இருக்கிறது. இன்னும் மோசமாகிறது என்றுகூடச் சொல்லலாம்: கட்டளைகள் மறையாக்கத்தில் போவதால், எந்த போர்ட்டைத் திறப்பது என்று நடுவிலுள்ள ஃபயர்வாலால் படிக்க முடியாது. பழைய ஸ்கேனர், கேமரா வைத்திருப்பவர்களுக்காக அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு எஸ்எஃப்டிபி ஓடும் 22-ஆம் போர்ட் ஒன்றே போதும்.

உதவிப் பக்கத்தில் லினக்ஸுக்கென்று மூன்று வரி சேருங்கள். லினக்ஸின் திரைச்சூழல் க்னோம் என்றால் நாட்டிலஸ், கேடிஇ என்றால் டால்ஃபின் என்ற கோப்பு மேலாளரைத் திறந்து, கன்ட்ரோலும் எல்லும் அழுத்தி, எஸ்எஃப்டிபி என்று தொடங்கும் முகவரியை அடித்தால் தளத்தின் ஃபோல்டர் நம் கணினியின் ஃபோல்டர்போலவே திறக்கும். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இன்னொன்று. முதல்முறை இணையும்போது சர்வரை அடையாளம் காட்டும் எழுத்து வரிசையான கைரேகையைக் காட்டி, நம்புகிறாயா என்று கேட்கும். சரியான கைரேகை எது என்று நீங்கள் எங்கும் எழுதி வைப்பதில்லை. நானும் எல்லோரையும்போல ஆம் என்று அழுத்திவிட்டுப் போகிறேன். கட்டுப்பாட்டுப் பலகையில் அந்த ஒரு வரியைப் போட்டால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஃபைல்ஸில்லாவில், சேமித்தவற்றைப் பூட்டும் மாஸ்டர் கடவுச்சொல் வைக்காமல், சேமித்த கடவுச்சொற்களை யாரும் படிக்கும் நிலையில் வெகுகாலம் விட்டிருந்தது என் தப்பு. அதை நான் சரிசெய்துவிட்டேன்.

அந்த ஆறு டிக்கெட் தளத்துக்குப் புதுப்பிப்பு நினைவூட்டல் நேற்று வந்தது. பணம் கட்டும் முன், எஸ்எஃப்டிபி கிடைக்குமா என்று கேட்டு ஏழாவது டிக்கெட் போட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்