பத்துப் படத்துக்குப் பத்து நொடி: புறநகர் ரயில் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

டோக்கியோவின் புறநகர் ரயில் இயக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். அடுத்த கால அட்டவணையிலிருந்து உங்கள் பத்துப் பெட்டி வண்டிகளின் வாலில் கார்டு இருக்கமாட்டார், கதவையும் ஓட்டுநரே பார்த்துக்கொள்வார் என்று நிலையத்துக்கு நிலையம் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். ஆள் கிடைக்கவில்லை என்று காரணமும் போட்டிருக்கிறீர்கள். அதை மறுக்க முடியாது. நாம்பு தடத்திலும் ஜோபன் உள்ளூர் வண்டிகளிலும் 2025 மார்ச்சிலேயே இந்த முறை வந்துவிட்டது. யாமனோத்தே வட்டத் தடமும் அந்த வரிசையில் நிற்கிறது. ஆகவே நிறுத்துங்கள் என்று கேட்க வரவில்லை. காலை நெரிசலில் பெரிய நிலையங்களில் வண்டி நிற்கும் நேரத்தைப் பத்து நொடி கூட்டுங்கள். கோரிக்கை அவ்வளவுதான். அறிவிப்பில் நிற்கும் நேரம் பற்றி ஒரு வரிகூட இல்லாததால்தான் இந்த மடல்.

முதல் பெட்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி வழியே பார்ப்பவர்களுக்கு அந்த வேலை தெரியும். காலை எட்டு மணிக்கு முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இடைவெளி இரண்டு நிமிடம். பச்சை சிக்னல் கண்ணில் படுவதே அபூர்வம். மஞ்சளிலிருந்து மஞ்சளுக்கு ஊர்ந்து, இரட்டை மஞ்சள் வந்தால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி, முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சிக்னலையும் வெள்ளைக் கையுறை விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்லித்தான் கடக்கிறார். புதிதாகப் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் சுட்டிச் சொன்னால் தவறு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது என்று உங்கள் நாட்டு ரயில்வே ஆய்வுக்கழகமே 1994இல் சோதித்துக் காட்டியது. மேசைக் குழியில் ஒரு சட்டைப்பைக் கடிகாரம். பக்கத்தில் அட்டவணை அட்டை. அதில் நேரம் நிமிடத்தோடு நிற்பதில்லை, நொடிவரை போகிறது.

நிலையத்துக்குள் நுழையும்போது முதலில் ஒரே பிடியாக பிரேக்கை அழுத்தி, வேகம் இறங்க இறங்கப் படிப்படியாகத் தளர்த்துவார். கடைசி நொடியில் தளர்த்தத் தவறினால் நிற்கிற கூட்டம் மொத்தமும் முன்னால் சாயும். மழை நாளில் சக்கரம் வழுக்கும். நடைமேடைக் கதவு இருக்கும் இடத்தில் வண்டிக் கதவு அதற்கு நேராக நிற்க வேண்டும். இதையெல்லாம் தானே நிறுத்தும் கருவி பார்த்துக்கொள்ளும் என்பீர்கள். சரி, பார்த்துக்கொள்ளட்டும். கதவை எந்தக் கருவி பார்க்கப்போகிறது?

ஒரு பெட்டி இருபது மீட்டர். பத்துப் பெட்டிக்கு இருநூறு மீட்டர், ஒரு பக்கத்துக்கு நாற்பது கதவு. இன்று கார்டு வாலில் இறங்கி நின்று அந்த இருநூறு மீட்டரையும் நேரில் பார்க்கிறார். வண்டி புறப்படப்போவதைச் சொல்லும் மெல்லிசை ஒலிக்கிறது, கதவு மூடுகிறது, ஏழாம் பெட்டியில் ஒருவருடைய பை சிக்கிக்கொள்கிறது. திறந்து மறுபடி மூட வேண்டும். திறந்தால் போதும், படியில் ஓடிவந்த இன்னும் இருவர் உள்ளே நுழையப் பார்ப்பார்கள். நாற்பது கதவும் மூடினால்தான் ஓட்டுநர் முன்னால் விளக்கு எரியும். ஆனால் அந்த விளக்குக்குத் தெரிவது கதவின் இடைவெளி மட்டும். பையின் மெல்லிய வாரோ குடையின் முனையோ மாட்டியிருந்தாலும் விளக்கு எரியக்கூடும். அதனால்தான் வண்டி நகர்ந்த பிறகும் கார்டு சன்னலுக்கு வெளியே தலை நீட்டி, அவசர பிரேக்குக்குப் பக்கத்தில் கை வைத்துக்கொண்டு நடைமேடை முடியும்வரை பார்க்கிறார்.

இனி அந்தத் தலையும் கையும் இருக்காது. ஓட்டுநருக்கு எதிரே திரையில் சின்னச் சின்னப் படங்கள் தெரியும். பெட்டிக்கு ஒன்று என்றாலும் பத்துப் படம். காலை வெயில் சாய்ந்து விழும்போது திரை வெளிறும். ஒரு படத்துக்கு ஒரு நொடி ஒதுக்கினால் பத்து நொடி. பிறகு கண்ணை நிமிர்த்தி சிக்னலைச் சுட்ட வேண்டும். நாங்கள் கேட்கும் பத்து நொடி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இரண்டு நிமிட இடைவெளியில் பத்து நொடிக்கு இடமில்லை என்ற பதில் வரும். ஷின்ஜுக்குவில் சூவோ விரைவு வண்டிகள் எப்படி நிற்கின்றன? ஒரே திசைக்கு இரண்டு தடம். ஒன்றில் கூட்டம் ஏறும்போதே அடுத்த வண்டி மற்றதில் நுழைகிறது. தெனெந்தோஷி தடத்தில் 2007இல் காலை விரைவு வண்டிகளை ஷிபுயாவுக்கு முன்னால் எல்லா நிலையத்திலும் நிறுத்தி ஓட்டினார்கள். வேகத்தைக் கொஞ்சம் விட்டு, தாமதத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். பத்து நொடியை நாங்கள் எல்லா நிலையத்துக்கும் கேட்கவில்லை. நெரிசல் மிகுந்த நான்கு நிலையம் போதும்.

நொடி விஷயத்தில் உங்கள் துறையின் கண்டிப்பு உலகப் பிரசித்தம். 2017இல் மினாமி-நாகரேயாமாவில் ஒரு வண்டி 20 நொடி முன்னதாகக் கிளம்பியதற்கு மன்னிப்புக் கேட்டார்கள், உலகமே கைதட்டியது. அதே துறையில்தான் 2020இல் ஒகயாமாவில், பயணியே இல்லாத காலி வண்டி ஒரு நிமிடம் தாமதமானதற்கு ஓட்டுநர் சம்பளத்தில் முதலில் 85 யென், பிறகு அதைத் திருத்தி 43 யென் பிடித்தார்கள். திருப்பிக் கொடுக்கச் சொல்ல 2022இல் ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது. 43 யென்னுக்கு ஒரு குவளைத் தேநீர்கூட வராது.

2005 ஏப்ரல் 25 அன்று அமகசாகியில் வண்டி தடம்புரண்டதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேல் தாமதம். மணிக்கு 70 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் சுமார் 116. 106 பயணிகளும் ஓட்டுநரும் இறந்தார்கள். முந்தைய நிலையத்தில் வண்டி தாண்டி நின்றதைப் பற்றிக் கார்டு கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்கொண்டிருந்ததில் ஓட்டுநரின் கவனம் போயிருக்கலாம் என்றும், தவறு செய்த ஓட்டுநர்களுக்குத் தரப்பட்ட தண்டனைப் பயிற்சி பற்றிய பயம் பின்னால் இருந்திருக்கலாம் என்றும் விசாரணை அறிக்கை சொன்னது. வேலை தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்லவில்லை.

மன்னிக்க வேண்டும், கோபம் மடலை எங்கோ இழுத்துப்போகிறது. உங்கள் பொறியாளர்கள் திறமையில் எங்களுக்குச் சந்தேகம் துளியும் இல்லை. உங்கள் வண்டியை நம்பித்தான் தினமும் ஏறுகிறோம். ஐந்து நிமிடம் தாமதமானால் தாமதச் சான்றிதழ் தருகிறீர்கள், அலுவலகத்தில் காட்டினால் ஏற்றுக்கொள்கிறார்கள், நன்றி. பத்து நொடிக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். கதவை மூடும் பொறுப்பு ஓட்டுநர் கைக்குப் போகும் அதே நாளில் அந்தப் பத்து நொடியும் போக வேண்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

புதிய அட்டவணை அச்சுக்குப் போகும் முன் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். ஓட்டுநர் மேசையில் செருகும் அட்டையில் அந்த நான்கு நிலையங்களுக்கு நேரே, புறப்படும் நேரத்தின் நொடி மாறினால் போதும்.

இப்படிக்கு,
முதல் பெட்டிப் பயணிகள் சார்பில்