பேரேட்டில் திருத்தம் எழுதுவது பக்கத்தைக் கிழிப்பது ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழுக்கு 22 ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். சென்ற இதழில் கிரிப்டோ நாணயங்களைப் பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன். திருடுபோன நாணயங்களை உரியவரிடம் சேர்ப்பதற்காக பிளாக்செயினில், அதாவது பரிவர்த்தனைகளைப் பிளாக் பிளாக்காகச் சங்கிலிபோல் கோத்துப் பல கணினிகளில் பதிந்து வைக்கும் மின்னணுப் பேரேட்டில், கை வைப்பது பேரேட்டின் பக்கத்தைக் கிழிப்பதற்குச் சமம் என்றும், இழந்தவர்கள் தங்கள் பேராசைக்கு விலை கொடுத்தார்கள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பேராசை என்ற சொல் சுட்டது உண்மைதான். ஆனால் பேரேடு என்ற சொல்லை அவர் கையாண்ட விதத்தைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நான் 31 ஆண்டுகள் பேரேடு எழுதிப் பிழைத்தவன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருந்தேன். உறுப்பினர்கள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடையை அவரவர் எண்ணுக்கு நேரே பதிந்து, மாதக் கடைசியில் பணம் கணக்கிடுவது என் வேலை. ஒரு ஜூலை மாதம் 214ஆம் எண் உறுப்பினரின் 38 கிலோ இலையை என் கைப்பிழையால் 241ஆம் எண்ணில் ஏற்றிவிட்டேன். அந்த அம்மா தலையில் போட்ட சாக்கோடு சொட்டச் சொட்ட நனைந்து வந்து, பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த எடைச்சீட்டை எடுத்து என் மேசைமேல் விரித்தார். சீட்டு மட்டும் நனையவில்லை. அவருடைய இலை அதற்குள் தூளாகிக் குன்னூர் ஏலத்துக்கே போய்விட்டது. ஆனாலும் கணக்கு திருந்தியது. பழைய வரியை நான் அழிக்கவில்லை. அதன் கீழே சிவப்பு மையில் எதிர்ப்பதிவு எழுதி, காரணத்தைக் குறித்து, செயலாளரிடம் கையொப்பம் வாங்கி, 241ஆம் எண்ணின் அடுத்த பட்டுவாடாவில் பிடித்தம் செய்தேன். தணிக்கையாளர் வந்தபோது பிழையும் ஏட்டில் இருந்தது, திருத்தமும் இருந்தது.

2016இல் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் நடந்ததும் இதுதான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த ஆண்டு ஜூன் 17ஆம் தேதி, தி டாவ் என்ற கூட்டு முதலீட்டு நிதியின் கணினி நிரலில் இருந்த ஓட்டை வழியாக ஒருவர் எத்தீரியத்தின் நாணயமான ஈதரில் 36 லட்சத்தை உருவினார். அந்த நிதியின் விதிப்படியே அவரால் அதைச் சில வாரங்களுக்கு வெளியே எடுக்க முடியாது என்பதால் யோசிக்க அவகாசம் கிடைத்தது. ஜூலை 20ஆம் தேதி 19,20,000ஆவது பிளாக்கில், முதலீடு செய்தவர்கள் தங்கள் பங்கைத் திரும்பப் பெறுவதற்கென்றே எழுதப்பட்ட வேறொரு கணக்குக்கு அந்த ஈதர் மாற்றப்பட்டது. பழைய பிளாக் ஒன்றைக்கூட யாரும் நீக்கவில்லை. திருட்டு நடந்த வரியை இன்றும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒப்பாதவர்கள் எத்தீரியம் கிளாசிக் என்று பிரிந்துபோய்ப் பழைய சங்கிலியையே நடத்திவருகிறார்கள். இதில் கிழிந்த பக்கம் எது?

உண்மையிலேயே பக்கத்தைக் கிழித்தது பிட்காயின். 2010 ஆகஸ்ட் 15ஆம் தேதி, மொத்தமே 2.1 கோடிக்கு மேல் இருக்கக் கூடாத பிட்காயின், நிரல் பிழை ஒன்றால் ஒரே பரிவர்த்தனையில் 18,400 கோடிக்கு மேல் முளைத்தது. சில மணி நேரத்தில் நிரலைத் திருத்தி, அந்தப் பரிவர்த்தனை இருந்த சங்கிலியையே கைவிட்டுப் புதிய சங்கிலியை வளர்த்தார்கள். அப்படிச் செய்தது சரியே. ஆனால் அமைப்பே ஆட்டம் காணும்போது திருத்தலாம், எளியவன் சேமிப்பு போகும்போது மட்டும் எழுதியது எழுதியதுதான் என்று சொல்வதை நான் எப்படி நியாயம் என்று ஏற்பேன்?

என் மூத்த மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். பச்சை இலை விலை பறிகூலிக்கே கட்டாமல் போன ஆண்டுகளில், தோட்டத்தை விற்காமல் காப்பாற்ற வேண்டும் என்று அவன் சேர்த்த பணமும் என் பணிக்கொடையில் ஒரு பகுதியுமாக 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயைக் கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் நிறுவனமான ஓர் எக்ஸ்சேஞ்சில் போட்டு வைத்தோம். ஒரு நாள் அங்கே களவு போனது. மறுநாள் முதல் பணம் எடுக்க முடியவில்லை. பொறுத்திருங்கள் என்று மின்னஞ்சல்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. புகார் கொடுக்கப் போன இடத்தில் எந்த வங்கி என்று கேட்டார்கள். வங்கி இல்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். லாபம் வந்திருந்தால் 30 விழுக்காடு வரி கட்டியிருப்போம். இந்த நாணயங்களில் வரும் நட்டத்தை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. கிரிப்டோ நாணயம் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமே கூறியிருக்கிறது. சொத்தைப் பறிகொடுத்தவனைப் பேராசைக்காரன் என்று எழுதுவது எந்த வழக்கம்?

வங்கியில் இப்படிப் பேச முடியுமா? கடைவீதி ஏடிஎம்மில் நோட்டு வராமலே என் கணக்கில் 5,000 ரூபாய் கழிந்தது. நான்காம் நாள் திரும்ப வந்துவிட்டது. ஐந்து நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி. அதனால் வங்கிக் கணக்கின் நம்பகம் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

எதிர்த் தரப்பில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் களவுபோனபோது, அது விரைவிலேயே நூற்றுக்கணக்கான கைகளுக்குப் பிரிந்து வேறு நாணயங்களாக மாறிவிட்டது. சங்கிலியை அப்போது களவுக்கு முந்தைய நிலைக்குப் பின்னுக்கு இழுத்திருந்தால், களவுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் செய்த வாங்கல் விற்றலும் சேர்ந்து அழிந்திருக்கும். அதனால்தான் பெரிய தொகை வெளியேறும்போது சில நாள் நிறுத்திவைக்கும் விதியும், அந்த நாட்களுக்குள் யார், எந்த ஆதாரத்தோடு, எப்படித் திருத்தலாம் என்ற விதியும் களவு நடப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

யார் முடிவு செய்வது என்பதிலும் எனக்கு ஆதங்கம் உண்டு. 2025 மே மாதம் சூயி என்ற இன்னொரு பிளாக்செயினில், திருடிய நாணயங்களில் சுமார் 16 கோடி டாலர் மதிப்புள்ளவை முடக்கப்பட்டு, வாக்கெடுப்புக்குப் பின் மீட்கப்பட்டன. மீட்டது நல்லதே. ஆனால் அங்கே வாக்கு நாணயத்தின் அளவுக்கு. அதிகம் வைத்திருப்பவர் சொல்லே எடுபடும். எங்கள் சங்கத்தில் 20 சென்ட் வைத்திருந்த விதவைக்கும் ஐந்து ஏக்கர்காரருக்கும் ஆளுக்கு ஒரு வாக்குதான்.

ஐயா, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் கணக்குத் தொடங்கிய ஆண்டு, தங்கள் இதழின் பின் அட்டையில் ஓர் எக்ஸ்சேஞ்சின் முழுப்பக்க விளம்பரம் மூன்று வாரம் தொடர்ந்து வந்தது. அப்போது நான் எழுதிய கடிதம் வெளியாகவில்லை. விளம்பரத்தில் நம்பிக்கை என்றும் கட்டுரையில் பேராசை என்றும் ஒரே இதழ் எழுதுவதைப் படிக்க மிகவும் வருத்தமாக இருக்கிறது.

நான் கேட்பது சிறியது. எத்தீரியத்தில் பேரேட்டின் பக்கம் கிழிக்கப்படவில்லை என்று அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் வெளியிடுங்கள். இணையவழியில் பணம் இழந்தவர்கள் உடனே அழைக்க வேண்டிய எண் 1930 என்பதையும் அதன் அருகிலேயே அச்சிடுங்கள். எங்களுக்கு அந்த எண் தெரிய வந்தபோது 11 நாள் கழிந்திருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கணக்கர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.