கொல்லனின் மகள் எப்போது இறந்தாள்?

'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரின் திரைக்கதைக் குழுவினருக்கு,

வணக்கம். ஒரே அரியணைக்காக ரெய்னிராவும் அவள் மாற்றாந்தாய்த் தம்பி ஏகானும் மோதும் தங்கள் தொடரின், 2024-இல் வெளியான இரண்டாம் சீசனை எங்கள் தண்டையார்பேட்டையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மறுபடியும் பார்த்தோம். ஏழாம் எபிசோடில், லேத் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் படத்தை நிறுத்தச் சொல்லி, "அந்தக் கொல்லனோட பொண்ணு எப்போண்ணே செத்துச்சு?" என்று கேட்டார். பின்னால் ஓட்டிப் பார்த்தோம். முந்தைய எபிசோடுகளில் அந்தக் குழந்தை நோயில் கிடக்கிறது. பிறகு அந்தக் கொல்லன் ஹியூவும் அவன் மனைவியும் அது இல்லாத வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இடையில் ஒன்றுமில்லை. அந்த இடைவெளியைக் குறித்தே இம்மடல்.

ஏகானின் சிறு மகன், இளவரசன் ஜெஹேரிஸ் கொல்லப்பட்டபோது தாங்கள் செய்தது தங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளையின் உடலை வண்டியில் ஏற்றி, தாய் ஹெலேனாவையும் பாட்டி அலிசென்டையும் பின்னால் வரவைத்து, தலைநகர் கிங்ஸ் லாண்டிங்கின் தெருக்களில் ஊர்வலம் விட்டீர்கள். அழும் தாயைக் கண்டால் மக்கள் ரெய்னிராவை வெறுப்பார்கள் என்பது ஏகானின் தாத்தா ஓட்டோ ஹைடவர் போட்ட கணக்கு. அந்தக் காட்சியில் எனக்குக் குறையில்லை; சாவைக் காட்டி ஆள் சேர்க்கும் அரசியலை அவ்வளவு தெளிவாகக் காட்டியது அரிது. ஆனால், அந்த ஊர்வலத்தை ஓரமாக நின்று பார்க்கும் சனத்தில் ஒருவனுடைய மகள் இறந்தால், அதை வசனத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதுமா? மூலநூலில் ஹியூவுக்கு இப்படி ஒரு மகளே கிடையாது. தாங்களாகப் படைத்த குழந்தையைத் தாங்களே கேட்பாரற்று அடக்கம் செய்துவிட்டீர்கள்.

ஏகானுக்காக ஆயுதம் செய்தவன் ஹியூ; முன்பணம் கேட்டு அரியணை முன்னால் நின்றவன். ரெய்னிரா தரப்பு கடல்வழியை அடைத்ததால் நகரம் பட்டினி கிடந்தது. அந்தப் பட்டினிக் காலத்தில் மகளைப் பறிகொடுத்தவன், டிராகன்களை அடக்கி ஏற ஆள் தேடும் அதே ரெய்னிராவின் அழைப்பை ஏற்று, அவள் கோட்டையான டிராகன்ஸ்டோனுக்குப் போய் வெர்மித்தோர் என்ற டிராகனின் முன் நிற்கிறான். ஏன் போனான்? தாங்கள் தந்த விடை, அவன் தாய் அரச வம்சத்தவள் என்பது. பரம்பரையைச் சொல்ல நேரம் இருந்தது, பிள்ளையைச் சொல்ல இல்லை.

ஆறாம் எபிசோடில், தன் ஆலோசகி மைசாரியாவின் யோசனைப்படி ரெய்னிரா உணவுப் படகுகளை அனுப்பியதும் ஊரே அவள் பக்கம் சாய்ந்து, அலிசென்டையும் ஹெலேனாவையும் தெருவில் மறித்துத் தாக்குகிறது. இதை எழுதியவர்கள் வெள்ளம் வடிந்த தெருவில் ஒரு நாளாவது நின்றிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. படகின் விளிம்பிலும் வலையிலும் தாராக ஒட்டியிருந்த கறுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள், நிவாரணப் பொட்டலம் யார் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார்கள். அதற்காக யாருக்கும் வாழ்க கோஷம் போட்டுவிடவில்லை. எங்கள் தெரு ஆயாக்களிடம் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைக் காட்டிப் பாருங்கள், "அரிசி புழுத்துப்போயிருக்கு" என்பார்கள். பத்து எபிசோடுகளை எட்டாகச் சுருக்கிய தங்களுக்கு இதற்கெல்லாம் இடமில்லைதான். டிராகன் நெருப்புக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது. மன்னிக்கவும், சொல்லவந்ததை விட்டு விலகுகிறேன்.

மூலநூலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஹியூ டம்பிள்டனில் மறுபடியும் கட்சி மாறுவான். பதவியாசை பிடித்த துரோகியாகவே நூல் அவனைக் காட்டுகிறது. நகரத்தை விட்டு வெளியேறினால் போய்ச் சேரலாம் என்று அவன் மனைவி நினைத்த ஊரும் டம்பிள்டன்தான். அந்த முடிச்சைப் போட்டது தாங்களே. ஆகவே, அவன் மாறும் இடத்துக்கு முன்பாக, அந்தக் குழந்தையின் சாவை ஒருமுறை திரையில் காட்டுமாறு வேண்டுகிறேன். ஊர்வலம் வேண்டாம், வசனமும் வேண்டாம். அதை அவள் தாயின் பக்கமிருந்து காட்டினால் இன்னும் நன்று. கணவனைப் போகாதே என்று கெஞ்சியதோடு அவளை விட்டுவிட்டீர்கள். இரண்டாம் சீசன் முடியும்வரை, அவள் யார் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆவன செய்வீர்கள் என்ற நம்பிக்கையுடன்,
தண்டையார்பேட்டைப் பார்வையாளர் ஒருவர்