பட்டியலில் அடித்துவிட்ட சர்ச்சுகள்

அன்புள்ள கண்ணுக்கு,

வாக்காளர் பதிவுக்கு எங்கெல்லாம் போவது என்று உங்கள் குழு பட்டியல் போட்டதையும், அதில் சர்ச்சுகளை மொத்தமாக அடித்துவிட்டதையும் நீ சொன்னபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் ஆரம்பித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. அதனால் எழுதுகிறேன்.

"அங்கே போய் என்ன பேசுவது, அவர்கள் எல்லாம் டிரம்ப் பக்கம்" என்று உன் தோழி சொன்னாளாம். எந்த சர்ச் என்று அவளிடம் யாராவது கேட்டீர்களா? நீங்கள் இருப்பது ஃபிலடெல்ஃபியா. ஆறாவது தெருவும் லாம்பார்ட் தெருவும் சந்திக்கிற முனையில் மதர் பெத்தெல் சர்ச் இருக்கிறது. அடிமையாகப் பிறந்து, தன் விடுதலையைத் தானே காசு கொடுத்து வாங்கிய ரிச்சர்ட் ஆலன் தொடங்கியது. வெள்ளையர் நடத்திய சர்ச் ஒன்றில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பர்களை, ஜெபம் முடிவதற்குள் பிடித்து எழுப்பி வேறு இடத்துக்குப் போகச் சொன்னார்கள். எழுந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள், திரும்பவில்லை. 1794-ல் ஆலன் தங்களுக்கென்று இந்த சர்ச்சைத் திறந்தார்.

1817 ஜனவரியில் அங்கே நடந்த கூட்டத்தைப் பற்றி உனக்குத் தெரியுமோ என்னவோ. விடுதலை பெற்ற கறுப்பர்களைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு சங்கம் அப்போதுதான் கிளம்பியிருந்தது. சங்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள். ஆலனுக்கும் அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஃபோர்ட்டனுக்கும்கூட அந்த யோசனையில் கொஞ்சம் சபலம் இருந்தது. கருத்துக் கேட்கலாம் என்று கூட்டம் போட்டார்கள். சுமார் மூவாயிரம் பேர் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஆதரிப்பவர்கள் யார் என்று கேட்டபோது ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எதிர்ப்பவர்கள் யார் என்றபோது மொத்தக் கூட்டமும் கத்தியது. தலைவர்களும் மாற வேண்டியதாயிற்று. பாஸ்டர் சொன்னால் தலையாட்டும் ஆட்டு மந்தை என்றுதானே உங்கள் கூட்டத்தில் பேச்சு? அந்த ஆடுகள் மேய்ப்பனைத் திருப்பிய இடம் உன் ஊரில்தான் இருக்கிறது.

நீ செய்கிற வேலை வாக்காளர் பதிவு என்பதால் ஃபேனி லூ ஹேமரையும் சொல்லிவிடுகிறேன். மிசிசிப்பியில் பருத்தி எடுத்துப் பிழைத்த பெண். இருபது குழந்தைகளில் கடைசி. கறுப்பர்களுக்கு ஓட்டுப் போடும் உரிமை உண்டு என்பதே அவருக்கு 44 வயது வரை தெரியாது. தெரிந்தது 1962 ஆகஸ்டில், ரூல்வில் என்ற சின்ன ஊரில், ஒரு சர்ச்சில். மாணவர் அமைப்பிலிருந்து வந்த இளைஞர்கள் கூட்டம் போட அந்த ஊரில் வேறு இடம் எங்கே கிடைக்கும்? யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கியவர்களில் ஹேமரும் ஒருவர். சில நாளில் ஒரு பஸ்ஸில் பதினெட்டுப் பேர் மாவட்டத் தலைநகருக்குப் போனார்கள். அங்கே பரீட்சை என்ற பெயரில் அலைக்கழித்து அனுப்பினார்கள். திரும்பும் வழியில், பஸ்ஸின் நிறம் சரியில்லை என்று சொல்லி போலீஸ் டிரைவரைப் பிடித்தது. உள்ளே இருந்தவர்களுக்குக் கை கால் நடுக்கம். ஹேமர் சர்ச்சில் பாடுகிற பாட்டுகளைப் பாட ஆரம்பித்தார். அன்று ராத்திரியே பண்ணைக்காரர் அவரை வீட்டைவிட்டு வெளியேற்றினார். பதினெட்டு வருடம் வேலை பார்த்த பண்ணை.

அந்த இளைஞர்களின் அமைப்பு, எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு, உருவானது வட கரோலினாவில், நம் ராலேயில், ஷா பல்கலைக்கழகத்தில், 1960 ஏப்ரலில். கூட்டியவர் எல்லா பேக்கர். அவருக்கும் பாஸ்டர்கள் மீது நிறைய மனத்தாங்கல் உண்டு. ஆண்கள் மேடையில் முழங்குவார்கள், வேலையைப் பெண்கள் செய்வார்கள் என்று தெரிந்தவர். அப்படியிருந்தும் அவர் சர்ச்சுப் பெண்களை விட்டு விலகவில்லை. கண்ணு, நான் கேட்பதும் அவ்வளவுதான். விமர்சனம் வைத்துக்கொள், வாசலை மூடாதே.

சர்ச்சுக்குள் என்ன பலம் இருக்கிறது என்று உன் நண்பர்களைவிட எதிர்த்தரப்புக்கு நன்றாகத் தெரியும். 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பிரிவை, சில மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதை, செயலிழக்கச் செய்ததா, அந்தக் கோடையிலேயே நம் வட கரோலினா சட்டசபை புதுத் தேர்தல் சட்டம் கொண்டுவந்தது. முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களை 17-லிருந்து 10-ஆகக் குறைத்தார்கள். அதில் போனது என்ன தெரியுமா? இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று. ஆராதனை முடிந்து சர்ச் வேனில் எல்லோரும் நேராக வாக்குச்சாவடிக்குப் போகிற ஞாயிறு. வழக்கு நடந்தபோது, ஞாயிறு வாக்குப்பதிவு இருந்த கவுண்டிகளில் கறுப்பர்கள் அதிகம், டெமாக்ரட்டுகள் அதிகம் என்று மாநில அரசே தன் தரப்பு நியாயமாகச் சொன்னது! 2016 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்து அறுவை சிகிச்சை போன்ற துல்லியத்தோடு எழுதியிருக்கிறார்கள் என்று தீர்ப்பில் சொன்னது. வேலை மெனக்கெட்டுச் சட்டம் போட்டு அவர்கள் எடுக்கப் பார்த்ததை நீங்கள் ஒரு பேனாவால் அடித்துவிட்டீர்கள்.

அந்த 2013-ல்தான் என்னோடு லேபில் வேலை பார்த்த அம்மா என்னை 'மாரல் மண்டே' என்ற திங்கட்கிழமைப் போராட்டக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். சட்டசபைக்குப் பின்னால் இருக்கும் புல்வெளி. நிழல் என்று பேருக்குக்கூட இல்லை. அவர் கையில் ஒரு அட்டை விசிறி, சர்ச்சில் கொடுப்பது. ஒரு பக்கம் மார்ட்டின் லூதர் கிங் படம், மறுபக்கம் சவ அடக்கம் செய்யும் கடையின் விளம்பரமும் போன் நம்பரும். எனக்கும் சேர்த்து விசிறினார். பக்கத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிய டாக்டர்கள், ஒரு யூத ரப்பி, யாரோ ஒரு பாட்டியின் சக்கர நாற்காலி. பாஸ்டர் வில்லியம் பார்பர் தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல மெல்ல வந்தார். முதுகெலும்பை இறுக்கும் நோய் அவருக்கு. பேச ஆரம்பித்த பிறகு அந்தத் தடியை யாரும் கவனிக்கவில்லை. அநியாயமான சட்டங்களை எழுதுகிறவர்களுக்குக் கேடு என்ற ஏசாயா வசனத்தை எடுத்துக்கொண்டு, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் விரிவாக்கத்தை மறுத்ததையும் வேலையில்லாதவர்களின் உதவித்தொகையை வெட்டியதையும் அதோடு கோத்தார். பிறகு ஒரு பகுதியினர் வரிசையாகக் கட்டடத்துக்குள் போனார்கள், பாடிக்கொண்டே கைதானார்கள். அந்த வருடம் மட்டும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைது. நான் உள்ளே போகவில்லை. அப்போது எனக்குக் குடியுரிமை வந்திருக்கவில்லை, அப்பா வேறு காலையிலிருந்தே போன் மேல் போன்.

மெடிக்கெய்ட் விரிவாக்கம் கையெழுத்தானது 2023-ல். பத்து வருடம். தொலைக்காட்சி கேமராக்கள் எப்போதோ போய்விட்டன, அந்த அம்மாவின் சர்ச்சில் மட்டும் அதைப் பற்றிய பேச்சு நிற்கவேயில்லை. உங்கள் குழுவில் இரண்டு தேர்தலுக்கு முன்னால் இருந்தவர்கள் இப்போது எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்.

சரி, உன் தோழியின் கோபத்துக்கும் காரணம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளை எவாஞ்சலிக்கல்களில், அதாவது மனமாற்றத்தையும் பைபிளையும் அழுத்திச் சொல்லும் புராட்டஸ்டன்ட்டுகளில், பத்தில் எட்டுப் பேர் தேர்தலுக்குத் தேர்தல் டிரம்ப்புக்குப் போடுகிறார்கள். ஆனால் அது ஆதி காலத்திலிருந்து அப்படியே வந்ததல்ல. கருக்கலைப்புதான் ஆரம்பம் என்று எல்லோரும் நினைக்கிறோம். 1971-ல் அந்த எவாஞ்சலிக்கல்களின் பெரிய சபையான சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு என்ன தீர்மானம் போட்டது? பாலியல் வன்முறை, கருவில் குறைபாடு, தாயின் உடல்நலம், மனநலம் போன்ற காரணங்களுக்காகக் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்று. பாஸ்டர் ஜெர்ரி ஃபால்வெல்லோ 1965-ல், செல்மாவில் கறுப்பர்கள் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன சமயத்தில், பாஸ்டர்களுக்கு அரசியல் எதற்கு, ஆத்துமாக்களை மீட்பதோடு நில்லுங்கள் என்று பிரசங்கம் செய்தவர். அவரே 1979-ல் மாரல் மெஜாரிட்டி என்ற வலதுசாரி அரசியல் அமைப்பைத் தொடங்கினார். நடுவில் நடந்தது, கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காத தனியார் பள்ளிகளுக்கு வரிச்சலுகை கிடையாது என்று 1971-ல் வந்த தீர்ப்பு. அந்தப் பணப் பிரச்சினைதான் அவர்களை அரசியலுக்கு இழுத்தது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள்; எனக்கும் அப்படித்தான் படுகிறது. அவர்கள் 1980-ல் தோற்கடிக்க உழைத்தது யாரை? ஞாயிறு தவறாமல் பைபிள் வகுப்பு எடுத்த ஜிம்மி கார்ட்டரை.

கறுப்பின சர்ச்சுகளும் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொண்டு போகாதே. 2012-ல் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் இங்கே 61 சதவீத ஆதரவில் நிறைவேறியபோது, ஆதரித்துப் பேசிய கறுப்பினப் பாஸ்டர்களும் இருந்தார்கள். பார்பர் எதிர்த்தார். ஒருவரின் உரிமையை ஊர் கூடி ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பதா என்று அவர்களிடமே போய்க் கேட்டார். வெளியிலிருந்து நாம் கேட்டால் அந்தக் கேள்விக்கு மரியாதை இருந்திருக்காது.

அப்புறம் அந்தக் கேலி வீடியோக்கள். நீ அனுப்புகிறவற்றில் பாதி, ஜெபிக்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவை. எனக்கும் சிலவற்றில் சிரிப்பு வருகிறது. ஆனால் அதனால் யாராவது மனம் மாறுவார்கள் என்று நம்பாதே. 1971-ல் நார்மன் லியர் 'ஆல் இன் த ஃபேமிலி' தொடரில் ஆர்ச்சி பங்க்கரை உருவாக்கியது இனவெறியைப் பார்த்து ஜனங்கள் சிரிக்கட்டும் என்றுதான். சிரித்தார்கள். 1974-ல் ஆராய்ந்து பார்த்தால், ஏற்கெனவே அந்தப் புத்தி உள்ளவர்களுக்கு ஆர்ச்சி சொல்வதுதான் நியாயமாகத் தெரிந்திருக்கிறது. கேலி ஏற்கெனவே நம்மோடு இருப்பவர்களுக்குத்தான் குஷி.

நீ சின்ன வயதில் டிவியில் குழந்தைகள் நிகழ்ச்சியில் பார்த்த மிஸ்டர் ராஜர்ஸ் ஒரு பிரஸ்பிட்டேரியன் பாதிரியார் என்பது உன் நண்பர்களுக்குத் தெரியுமா? உங்கள் பென்சில்வேனியாக்காரர். நீச்சல் குளங்களில் கறுப்பர்களோடு இறங்க மாட்டோம் என்று வெள்ளையர் அடம்பிடித்த காலம். 1969-ல் அவர் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு, கறுப்பினப் போலீஸ்காரராக நடித்த ஃபிரான்சுவா கிளெமன்ஸைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான்கு கால்கள், ஒரே தண்ணீர், ஒரே துண்டு. பிரசங்கம் எதுவும் இல்லை. அதே ராஜர்ஸ், கிளெமன்ஸ் ஆண்களை விரும்புகிறவர் என்று தெரிந்தபோது, நிகழ்ச்சிக்காக அதை வெளியே காட்டிக்கொள்ளாதே என்று சொல்லியிருக்கிறார். கிளெமன்ஸே பிற்காலத்தில் சொன்னது. அது எனக்கு உறுத்தல்தான். அந்த விஷயத்தில் அவருக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கலாம்.

உன் லேப்டாப்பில் "கடவுளை மற, மனிதனை நினை" என்று ஒட்டி வைத்திருக்கிறாயே, தாத்தா பார்த்தால் பூரித்துப் போயிருப்பார். ஆனால் அவர் புத்தகக் கடை போட்டது எங்கே தெரியுமா? தேர்த் திருவிழா நடக்கிற தெருவில். கூட்டம் அங்கேதானே வரும் என்பார். கருப்புச் சட்டையோடு உட்கார்ந்து, தேர் பார்க்க வந்தவர்களிடம் பெரியார் புத்தகம் விற்பார், மோரும் வாங்கிக் குடிப்பார். நான் வெள்ளிக்கிழமை கேரி கோயிலுக்குப் போவதை அவர் ஒருநாளும் தடுத்திருக்க மாட்டார். வழியெல்லாம் வாதம் மட்டும் செய்திருப்பார்.

போவதென்று முடிவு செய்தால் சில விஷயம். முன்னறிவிப்பில்லாமல் ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதே. வாரநாளில் ஆபீஸுக்கு போன் போடு, செக்ரட்டரியாக இருக்கும் அம்மாவிடம் பணிவாகப் பேசு. பாஸ்டரைவிட அவர் தயவுதான் முக்கியம். வேட்பாளர் பெயர் போட்ட பட்டன், சட்டை எதுவும் வேண்டாம். கட்சி சாராமல் பதிவு செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை, வேட்பாளரை ஆதரிப்பதுதான் 1954 முதல் வரிவிலக்குச் சட்டப்படி வம்பு. ஆராதனை முடிகிற நேரத்துக்குப் போகாதே, முழுக்க உட்கார். கொடுப்பதைச் சாப்பிடு.

சிறைவாசிகளுக்கான ஊழியம் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்களா என்றும் கேள். பென்சில்வேனியாவில் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டால், பரோலில் இருந்தாலும் ஓட்டுப் போடலாம். உரிமை போயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். நீங்கள் மாலுக்கு முன்னால் மேஜை போட்டு நின்றால் அவர்கள் உங்கள் கண்ணில் படவே மாட்டார்கள். அந்த ஊழியக்காரர்களுக்கு ஒவ்வொருவரும் பெயர் சொல்லித் தெரியும். பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 15 நாள் முன்னால், மறந்துவிடாதே.

இந்தக் கடிதத்தை அப்பா படித்துவிட்டார். ராஜர்ஸைப் பற்றி நான் எழுதியது அநியாயமாம். உனக்குத் தனியாக எழுதப்போகிறாராம், தயாராக இரு.

அன்புடன்,
அம்மா