அப்பா பார்த்த மோரியா

அன்புள்ள பாபு,

கடிதம் கிடைத்தது. பாப்பா பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியதில் அம்மாவுக்குத்தான் ரொம்பப் பெருமை, தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். தங்கவயலிலிருந்து அப்பாவையும் இங்கே பெங்களூருக்கே கூட்டி வந்துவிட்டேன், கே.ஆர்.புரம் வீடுதான்.

ராத்திரியில் என்ன பண்ணுகிறாய் என்று கேட்டிருந்தாய். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன் என்கிற கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறேன். 2008 நவம்பரில் அதில் மோரியாவைச் சேர்த்தார்கள், லெவலும் 50-லிருந்து 60 வரை போக வைத்தார்கள். நான் இப்போதுதான் உள்ளே நுழைந்திருக்கிறேன். குள்ளர்கள் மலைக்குள் குடைந்து கட்டி, பிறகு விட்டுப்போன நகரம் அது. குதிரை உள்ளே வராது, ஆட்டின் மேல்தான் சவாரி. மேப்பை நம்பினால் கெட்டோம், அதில் பக்கத்தில் தெரிகிற இடம் நிஜத்தில் நம் தலைக்கு மேல் நாலு மாடி தாண்டி இருக்கும். முதல் இரண்டு நாள் ஒரே படிக்கட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஒரு நாள் அப்பா தூக்கம் வராமல் வந்து பின்னால் நின்றார். அப்போது இருபத்தொன்றாம் மண்டபத்தில் இருந்தேன். வரிசையாகத் தூண்கள், உச்சி இருட்டில் மறைந்துபோகும். அவர் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர் வேலை, அதாவது பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர், தெரியுமே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "தூண் விட்டு வெட்டியிருக்கானே, வேலை தெரிஞ்சவன்"னார். அதோடு, "தண்ணிய எங்கடா எடுத்து விடறாங்க?" என்றும் கேட்டார்.

உடனே வாட்டர்-வொர்க்ஸ் பக்கம் ஆட்டைத் திருப்பினேன். பெரிய பெரிய சக்கரங்கள், இடிந்த தொட்டிகள், எங்கே பார்த்தாலும் ஈரம். நம்ம சுரங்கத்திலும் 2001-இல் மூடியதும் பம்ப் நின்று, மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன இடமெல்லாம் தண்ணீரில் முங்கிவிட்டதே. அப்பா வாயே திறக்கவில்லை. அந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குள்ளர்கள் ஏன் விட்டுப் போனார்கள் என்று கேட்டார். மித்ரில் என்கிற உலோகத்துக்காக ரொம்ப ஆழம் தோண்டி, கீழே கிடந்த பால்ராக் என்கிற நெருப்புப் பூதத்தை எழுப்பிவிட்டார்கள் என்றேன். "நமக்குப் பூதமெல்லாம் வரல. ஆழம் போகப்போக செலவு ஏறுச்சு, தங்கம் கொறஞ்சுது, அவ்ளோதான்" என்றார். இத்தனை வருஷத்தில் சுரங்கம் மூடியதைப் பற்றி அவர் வாயால் நான் கேட்டது இதுதான் முதல் தடவை, பாபு. அப்புறம் ராக் பர்ஸ்ட் ஆன, அதாவது சுரங்கத்துக்குள் பாறை திடீரென்று வெடித்துச் சிதறிய ஒரு ராத்திரியைச் சொன்னார், கேஜில், அதுதான் சுரங்க லிஃப்டில், மேலே வரும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்றார். நான் ஆட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன், மணி இரண்டு.

இப்போது தினமும் கூடவே உட்காருகிறார். அடியாழத்தில் ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் ஸ்டோன் என்று ஓர் இடம், இருட்டில் காளான்கள் ஒளிவிடும், பெயரே இல்லாத ஜந்துக்கள் திரியும். அதைப் பார்த்துவிட்டு, "அடியில வெளிச்சமா இருந்தா நம்பாதே" என்று எச்சரித்தார்.

கிழக்கு வாசலைத் தாண்டினால் வெயில் அடிக்கிற பள்ளத்தாக்கு வரும். அதை இன்னும் காட்டவில்லை, நீ வரும் நாளில் காட்டலாம் என்று வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு லீவு போடு. அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
குமார்