செல்போன் தெரியுது, போர்டு தெரியலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வளரிளம் பருவக் கட்டுரையில், ‘செல்போன் தெரிகிறது, கரும்பலகை மட்டும் தெரியாதாம்!’ என்றொரு வரி. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும் எங்களுக்கு அது பள்ளி வராந்தாக்களில் கேட்டுப் புளித்த ஏளனம். ஆச்சரியக்குறி மட்டும் புதிது, நன்றி.

கணக்கு எளிது. 10 செ.மீ. தூரத்தில் பிடித்த செல்போனில் 5 மி.மீ. எழுத்தைப் படிக்கிற கண்ணுக்கு, 4 மீட்டர் தள்ளியுள்ள பலகையில் அதே எழுத்து 20 செ.மீ. இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு சாண். எந்த ஆசிரியர் சாண் உயரத்துக்கு எழுதுகிறார்?

ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் உள்ள பிள்ளை பொடி எழுத்தைக்கூடப் படிக்கும். காலடியில் கிடக்கும் பெஞ்சில் இடறி விழும். குழாய் வழியே பார்ப்பதுபோல் பார்வை சுருங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்தால் அதுவும் போச்சு. பள்ளியில் அதற்குப் பெயர் ‘நடிப்பு’. ஸ்டார்கார்ட் என்ற விழித்திரை நோய் என்றால் நேர்மாறு, நடுப்பார்வை போய்விடும். ஓரக்கண்ணால்தான் முகம் தெரியும். உடனே, ‘மூஞ்சியப் பார்த்துப் பேசு!’

பதினான்கு வயதில் வகுப்பு நடுவே கைலென்ஸை எடுக்க எந்தப் பிள்ளைக்கும் கூசும். செல்போன் கேமராவில் பலகையைப் படமெடுத்துப் பெரிதாக்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தச் செல்போனுக்குத்தான் பள்ளியில் தடை. பதிலுக்கு வினாத்தாளை ஏ3-இல் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துக் கடமையை முடிக்கிறார்கள். 12 பாயிண்ட் எழுத்து அதில் 17-தான் ஆகிறது, அதுவும் சாம்பல் பூத்து. தாள் மேசைக்கு வெளியே தொங்குகிறது. 20 பாயிண்டில் ஏ4-லேயே புதிதாக பிரிண்ட் எடுக்க எவ்வளவு நேரமாகும்?

தேர்வைச் சொல்லவே வேண்டாம். பிள்ளை சொல்லச் சொல்ல விடையை எழுதித் தருபவரை இரண்டு நாள் முன்பே சந்திக்க விட வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதல் சொன்னது. பல பிள்ளைகள் அவரைப் பார்ப்பதே மணியடித்த பிறகு. ‘ஏ கூட்டல் பி, கீழே சி’ என்றால் பின்னக் கோடு பி-க்கு மட்டுமா, இரண்டுக்குமா? முன்பே பேசி வைக்காவிட்டால் மதிப்பெண் போகும். கூடுதலாகத் தரும் ஒரு மணி நேரம் இந்தக் குழப்பத்திலேயே கரைகிறது.

இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. தங்களிடம் கேட்பது ஒன்றுதான். இளஞ்சிவப்பின் மேல் வெள்ளை எழுத்தாக வரும் கல்விப் பக்கத்தை, இனி வெள்ளையில் கறுப்பாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியை ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.