சைதாப்பேட்டையிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை வழி சொன்னவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பொங்கல் லீவில் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். லீவு முடிந்ததும் பயோகெமிஸ்ட்ரி இன்டர்னல் தேர்வு இருக்கிறது, இப்போது விட்டால் அப்புறம் எழுதவே மாட்டேன்.

நான் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முதலாமாண்டு படிக்கிறேன். அதற்கு முன்னால் சைதாப்பேட்டையில் கார்ப்பரேஷன் பள்ளி, தமிழ் மீடியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது. கிடைத்த வாரம் தெருமுனையில் பேனர் கட்டினார்கள், சால்வை போட்டார்கள், மைக் பிடித்தவர்கள் எல்லாரும் விடாமுயற்சி, கடின உழைப்பு என்று பேசினார்கள். சரி, படித்தது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்கூட அதே பெஞ்சில் உட்கார்ந்து என்னைவிட நன்றாகப் படித்த ஒருத்தி இன்றைக்கு தி.நகரில் ஒரு கடையில் பில் போடுகிறாள். அடுத்து எங்கே போக வேண்டும், எந்தத் தாளை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு இருந்தார்கள். அவர்கள் படம் அந்தப் பேனரில் இல்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் இந்த மடல். பெயர் போடாதே என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை, படித்தால் யாருக்கு எது என்று அவரவர்க்குத் தெரியும்.

முதலில் ஜுவாலஜி மிஸ். நீட் வினாத்தாள் தமிழிலும் வரும், ஆனால் மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்தால் ஆங்கிலக் கேள்விதான் செல்லும் என்று பிளஸ் ஒன் சேர்ந்தபோதே சொல்லி, ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு பக்கமும் படிக்க வைத்தது நீங்கள்தான் மிஸ். அப்போது வகுப்பே உங்களைத் திட்டியது, நானும் சேர்ந்துதான் திட்டினேன். இன்றைக்கு லெக்சர் ஹாலில் உட்கார்ந்து பாதியாவது புரிகிறது என்றால் அதற்கு அந்த நோட்டுதான் காரணம்.

அப்புறம் பிசிக்ஸ் சார். சரியான விடைக்கு 4, தப்பான விடைக்கு 1 போய்விடும், ஆகவே தெரியாததைத் தொடாதே என்று ஒரு வருஷம் முழுக்க ஒரே பாட்டு பாடினீர்கள். 2025 மே 4 அன்று அந்த பிசிக்ஸ் பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எப்படி இருந்தது என்று, என் ஹாலிலேயே இரண்டு பேர் அழுதுகொண்டுதான் எழுதினார்கள். 180 கேள்வியில் பிசிக்ஸ் 45. அதில் நிறையவே தொடாமல் விட்டேன், உங்கள் குரல் காதில் கேட்டுக்கொண்டிருந்ததால்.

பிளஸ் டூ முடித்த வருஷமே எனக்குக் கிடைத்துவிடவில்லை. மறுபடி எழுதலாம் என்று முடிவு செய்தபோது கோச்சிங் சென்டர் ஃபீஸைக் கேட்டுவிட்டு அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். அந்த வருஷம் என்னைக் காப்பாற்றியது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனி ஹால் உண்டு, ஏசி உண்டு, குடிக்கத் தண்ணீர் உண்டு, யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற அண்ணன்களும் அக்காக்களும்தான் அங்கே பெரும்பாலும். அவர்களில் ஒரு அக்கா எனக்கு டைமர் வைத்து மாதிரித் தேர்வு நடத்துவார், பதிலுக்கு நான் அவருக்கு அறிவியல் பகுதி சொல்லிக்கொடுப்பேன். அக்கா, குரூப் டூ என்ன ஆச்சு? நம்பர் மாறிவிட்டது போல, எடுக்கவே மாட்டேன் என்கிறீர்கள்.

போட்டோ ஸ்டுடியோ அண்ணனுக்கும் ஒரு நன்றி. பாஸ்போர்ட் சைஸ் கேட்டுப் போனேன், "நீட்டாம்மா? அப்போ போஸ்ட்கார்டு சைஸும் வேணும், ஹால் டிக்கெட்டோட ஒட்டச் சொல்லுவாங்க" என்று அவரே சேர்த்து எடுத்துக்கொடுத்தார். காசு இரண்டாவதுக்கு வாங்கவில்லை.

இனி இ-சேவை மையத்து அக்கா. இவருக்கு மட்டும் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். என் பள்ளி டி.சி.யில் அப்பா பெயரின் ஸ்பெல்லிங் ஒரு மாதிரி, சாதிச் சான்றிதழில் வேறு மாதிரி. ஒரே ஒரு 'ஏ' தான் வித்தியாசம். அந்த ஒற்றை எழுத்துக்காக ஒரு அலுவலகத்தில் என்னை இன்றைக்கு வா, நாளைக்கு வா, அந்த சீட்டுக்குப் போ, சாப்பாட்டு நேரம் என்று அலைக்கழித்தார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா கடையில் லீவு சொல்லிச் சொல்லி சம்பளத்தில் பிடித்தம் வேறு. கடைசியில் அழுதுகொண்டே இந்த அக்காவிடம் போய் நின்றேன். அவர் இரண்டு தாளையும் வாங்கி வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, திருத்தம் என்று போய் நிற்காதே, டி.சி.யை ஆதாரமாக வைத்துப் புதிதாகவே போடலாம் என்று அங்கேயே டைப் செய்ய ஆரம்பித்துவிட்டார். 60 ரூபாய். அதோடு விடவில்லை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அது யார் லாகினில் நிற்கிறது என்று தினமும் பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் சொல்லுவார். "ஆர்.ஐ. கிட்ட நிக்குது, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நேர்ல போய் நில்லு, அம்மாவ அனுப்பாதே, நீயே போ, யூனிஃபார்ம் இருந்தா போட்டுட்டுப் போ." போட்டுக்கொண்டு போனேன். அன்று சாயங்காலமே வந்துவிட்டது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தேன் என்பதற்குப் பள்ளியில் வாங்க வேண்டிய சான்றையும் அவர்தான் ஞாபகப்படுத்தினார். எட்டு வரை ஒரு பள்ளி, அப்புறம் வேறு பள்ளி, ஆகவே இரண்டு எச்.எம். கையெழுத்து. இரண்டு பேரும் மே மாத வெயிலில் லீவு நாளில் பள்ளிக்கு வந்து போட்டார்கள், அவர்களுக்கும் நன்றி.

கலந்தாய்வுக் கணக்கு எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அதைப் புரிய வைத்தது எங்கள் தெரு வழியாகத் தெரியவந்த ஒரு சீனியர் அக்கா, இப்போது ஹவுஸ் சர்ஜன், அதாவது படிப்பை முடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருக்கிறார். 2020-ல் 7.5 சதவீதச் சட்டம் வந்தபோது அந்த முதல் செட்டில் சேர்ந்தவர். நூறு இடம் உள்ள அரசுக் கல்லூரி என்றால் 15 இடம் அகில இந்தியக் கலந்தாய்வுக்குப் போய்விடும், மீதி 85, அதில் 7.5 சதவீதம் என்றால் ஆறு சொச்சம், அந்த ஆறும் ஓ.சி., பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி பிரியும், இதில் உனக்கு எத்தனை என்று நீயே போட்டுப் பார் என்று பேப்பரும் பேனாவும் கொடுத்தார். போட்டுப் பார்த்தபோது வயிறு கலங்கியது. ஆனால் எங்கள் ஒதுக்கீட்டுக்கு நேரில்தான் கூப்பிடுவார்கள், திரையில் காலியிடம் ஓடும், உன் ரேங்க் வரும்போது யோசிக்க நேரம் இருக்காது, அதனால் பன்னிரண்டு கல்லூரிக்காவது வரிசை எழுதிக் கையில் வைத்துக்கொள் என்று அவர் சொன்னதால்தான், என் முறை வந்தபோது வாய் குழறாமல் கீழ்ப்பாக்கம் என்று சொன்னேன். எனக்கு முன்னால் போன ஒரு பையன் அப்பா முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றான், பாவமாக இருந்தது.

கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. வரி கட்டுகிறவர்கள் எல்லாருக்கும், அதாவது சோப்பு வாங்குகிற எல்லாருக்கும், நன்றி.

சேர்ந்த பிறகு நடந்தது வேறு கதை. முதலில் ஃபவுண்டேஷன் கோர்ஸ், அது ஜாலியாகப் போனது. அப்புறம் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் ஒன்றாக வந்து மேலே விழுந்தன. தியரிக்கு 75 சதவீதம் அட்டெண்டன்ஸ், பிராக்டிகலுக்கு 80. முதல் வாரம் லெக்சரில் எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். இடைவேளையில் பக்கத்தில் இருந்த தர்மபுரிப் பெண் மெதுவாக, "உனக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்பாடா" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் ஜோடி. அவள் ஹாஸ்டல், நான் வீடு. வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒருவருக்கொருவர் தமிழில் பாடம் சொல்லிக்கொள்வோம், அப்புறம் அதையே தட்டுத் தடுமாறி இங்கிலீஷில். மெஸ் அண்ணன் எனக்கும் சேர்த்து டீ கொடுத்துவிடுவார், கணக்கில் எழுதுவாரா என்று தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

அந்த ஹவுஸ் சர்ஜன் அக்காதான் போன் செட்டும் கொடுத்தார். போன் என்றால் எலும்பு, வீட்டில் எல்லாரும் செல்போன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள். பழைய செட், அவருக்கும் ஒரு சீனியர் கொடுத்தது. தசை தொடங்குகிற இடத்தில் சிவப்பு பெயின்ட், போய் ஒட்டுகிற இடத்தில் நீலம், யாரோ பொறுமையாகத் தீட்டியிருக்கிறார்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், காறை எலும்பைக் கையில் கொடுத்து வலதா இடதா என்று கேட்பார்கள். தட்டையான முனை தோள் பக்கம், உருண்டை முனை நெஞ்சுப் பக்கம், நெஞ்சுப் பக்கத்து வளைவு முன்னால் தள்ளி இருக்கும், பள்ளம் கீழே. இதை அக்கா என் தோளிலேயே எலும்பை வைத்துக் காட்டினார். முதல் வைவாவில் எனக்கு வந்தது அதுவேதான்!

பிசியாலஜி மேடத்துக்கு ஒரு தனி நன்றி. ஹீமோகுளோபின் பார்க்கிற பிராக்டிகலில் நம் விரலை நாமே குத்தி நம் ரத்தத்தையே எடுக்க வேண்டும். குழாயில் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விட்டு நிறம் பக்கத்துக் கண்ணாடியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். என்னுடையது சீக்கிரமே ஒத்துப்போய்விட்டது, அதாவது ரத்தம் கம்மி. 9-ஐத் தாண்டவில்லை. தப்பாகச் செய்துவிட்டாய் என்று திட்டுவார் என்று நினைத்தேன். மேடம் திருப்பிச் செய்யச் சொன்னார், அதே வந்தது. மதியம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். நான் முழித்தேன். கையோடு ஓ.பி.க்கு அனுப்பி, இரும்புச் சத்து மாத்திரை வாங்க வைத்து, இன்றுவரை காரிடாரில் பார்த்தால் குட்மார்னிங்குக்குப் பதில் "மாத்திரை?" என்றுதான் கேட்கிறார். சாப்பிடுகிறேன் மேடம்.

டிசெக்‌ஷன் ஹாலைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் நாள் எல்லோரும் வரிசையாக நின்று உறுதிமொழி எடுத்தோம். உடல் கெடாமல் இருக்கப் போடுகிற ஃபார்மலினில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது, அழுகிறேன் என்று அட்டெண்டர் ஐயா நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், உண்மையில் இரண்டும்தான். எங்கள் டேபிளில் ஒரு பாட்டியின் உடல். கையில் இருந்துதான் ஆரம்பித்தோம். முன்கையில் பச்சை குத்தியிருந்தது, சின்னக் கோலம், புள்ளி வைத்தது. என் ஆயா கையிலும் அப்படித்தான் இருக்கும். என்னால் கத்தியை வைக்க முடியவில்லை. ப்ரொஃபசர் பார்த்துவிட்டு, "அவங்க உனக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருக்காங்கம்மா, கிளாஸைத் தொடங்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாட்டி யார், எந்த ஊர் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். உடல் தானம் என்றால் அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, கடைசியில் வீட்டுக்காரர்கள் மனசு வைத்துக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைத்த எந்தக் குடும்பமாவது இதைப் படித்தால், நாங்கள் ஒழுங்காகப் படிக்கிறோம்.

அன்று சேத்துப்பட்டில் ட்ரெய்ன் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து அம்மா ஃபார்மலின் வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். இப்போதெல்லாம் மகளிர் பெட்டியில் எனக்கு எப்போதும் இடம் கிடைக்கிறது.

எல்லாம் இனிப்பாகவே இருந்தது என்று சொன்னால் பொய். கோட்டாவில் வந்தவள் என்று என் காதுபடவே பேசியவர்கள் உண்டு. அவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, தேவையும் இல்லை. காறை எலும்பு எல்லோருக்கும் ஒரே பக்கம்தான் வளைந்திருக்கிறது, யுனிவர்சிட்டி எக்ஸாமில் எல்லோருக்கும் பாஸ் மார்க் 50 சதவீதம்தான்.

அம்மா, அப்பா. கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற அம்மாவுக்கும், தண்ணி லாரி ஓட்டுகிற அப்பாவுக்கும் நன்றி என்று எழுதினால் "என்னடி இது புதுசா" என்பார்கள். எழுதிவிட்டேன், திட்டட்டும்.

கடைசியாக ஒரு விஷயம். சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை பக்கம் இந்த வருஷம் நீட் எழுதுகிற அரசுப் பள்ளிப் பிள்ளைகள் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வாருங்கள். என் புத்தகங்களும் ஜுவாலஜி நோட்டும் இருக்கின்றன, பிசிக்ஸ் நோட்டை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். சாதிச் சான்றிதழையும் டி.சி.யையும் கையோடு கொண்டுவாருங்கள், அப்பா பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். ஜூன் வரை காத்திருக்காதீர்கள், அப்போது இ-சேவை அக்கா கடையில் நிற்கவே இடம் இருக்காது.

இப்படிக்கு,
முதலாமாண்டு மாணவி
சைதாப்பேட்டை, சென்னை